மன அழுத்தத்தால் வரும் முதுகுவலி: ஊசியா, உடற்பயிற்சியா, மனப்பயிற்சியா?

மனக்கவலை கூடும் நாள்களில் முதுகும் சேர்ந்து வலிக்கிறது என்று சொல்பவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை. பதற்றம் நீடிக்கும்போது முதுகெலும்பை ஒட்டிய தசைகள் இறுகியே இருக்கின்றன, தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் அதே வலி இன்னும் கடுமையாக உறைக்கிறது, குனிந்தால் வலிக்குமோ என்ற அச்சத்தில் அசைவைக் குறைத்துக்கொள்வதால் தசை மேலும் விறைக்கிறது. ஸ்கேனில் தெளிவான காரணம் எதுவும் தென்படாமல், மூன்று மாதங்களுக்கு மேலும் விடாத இந்த வலிக்குத்தான் அக்குபங்சர், மசாஜ், மாத்திரை, உடற்பயிற்சி, மனப்பயிற்சி என்று பல வழிகள் போட்டியிடுகின்றன. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போதல், தொடையிடுக்கு மரத்துப்போதல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த ஒப்பீடு பொருந்தாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அக்குபங்சரில், நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பின் இருபுறமும் முழங்காலின் பின்மடிப்பிலும் மிக மெல்லிய ஊசிகளைச் செலுத்துகிறார்கள். குத்தும்போது வலி அதிகம் இருப்பதில்லை. ஊசியைத் திருகும்போது உள்ளே ஒரு கனமும் மந்தமான இழுப்பும் தெரியும். பிறகு இருபது முப்பது நிமிடங்கள் அசையாமல் கிடக்க வேண்டும். மன அழுத்தத்தில் இருப்பவருக்கு அந்த அமைதியே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் கருத்து.

ஆய்வுகள் சொல்வதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சராசரியாக எட்டு ஆண்டுகளாக முதுகுவலியில் தவித்த 1162 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாத முடிவில், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், மருந்தும் பிசியோதெரபியும் உடற்பயிற்சியும் கலந்த வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும் குறிப்பிடத்தக்க பலன் கிடைத்தது. ஆனால் அக்குபங்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்ட மூன்றாவது குழுவிலும் 44.2 சதவீதத்தினர் தேறினார்கள். அமெரிக்காவில் 638 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினருக்கு ஊசிக்குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்துத் தோலைத் துளைக்காமல் அழுத்தித் திருகினார்கள்; அந்தக் குழுவினரும் உண்மையான ஊசி பெற்றவர்களுக்கு இணையாகவே முன்னேறினார்கள். ஆகவே, அக்குபங்சரால் பலன் உண்டா என்றால் உண்டு; அந்தப் பலன் குறிப்பிட்ட புள்ளியில் ஊசி ஏறுவதால் வருகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சான்றுகள் காட்டுகின்றன. தொடுகை, கவனிப்பு, ஓய்வு, நலமாகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை சேர்ந்துதான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. ஜெர்மன் ஆய்வின் 27.4 சதவீதத்தைப் பார்க்கும்போது, வழக்கமான சிகிச்சையை ஏற்கெனவே பார்த்துச் சலித்தவர்களுக்கு அதையே மறுபடி கொடுத்தால் தேறுபவர்களின் எண்ணிக்கை குறையும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

வழிகாட்டி நெறிகளும் இதனால்தான் பிளவுபட்டு நிற்கின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017இல் நாள்பட்ட முதுகுவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்போ கீழ்முதுகு வலிக்கு அதை அளிக்க வேண்டாம் என்று 2016இல் கூறியது.

மசாஜ் இறுக்கத்தை விரைவாகத் தளர்த்துகிறது. ஆனால் அந்தச் சுகம் நெடுநாள் நிற்பதில்லை. வலி மாத்திரையைக் கடுமையான சில நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. நீண்டகாலம் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

உடற்பயிற்சிக்குச் சான்று வலுவானது, பக்கவிளைவு சொற்பம். எந்தப் பயிற்சி என்பதைவிடத் தொடர்ந்து செய்வதே முக்கியம் என்பதால், நடை, யோகா, தசை வலுவூட்டல் ஆகியவற்றில் விருப்பமானதைத் தேர்ந்துகொள்ளலாம். அசைந்தாலும் முதுகுக்கு ஒன்றும் ஆகாது என்று உடலுக்கே தெரியவருவதால் அச்சமும் இறங்குகிறது.

மன அழுத்தம்தான் வேர் என்றால் மனப்பயிற்சியை ஒதுக்கிவிட முடியாது. 2016இல் வெளியான ஆய்வில் 342 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு விழிப்புணர்வுத் தியானமும், இன்னொரு பகுதியினருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், வாரம் இரண்டு மணி நேரமாக எட்டு வாரங்கள் கற்பித்தார்கள். ஆறு மாத முடிவில் அன்றாடச் செயல்பாடு மேம்பட்டவர்கள் முறையே 60.5, 57.7 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 44.1 சதவீதம். இரண்டில் எந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களிலும் பாதிக்குச் சற்று அதிகமானோரே ஆறு வகுப்புகளுக்காவது வந்தார்கள் என்பது இந்த வழியின் பலவீனம். வலியோடு உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது எளிதல்ல.

ஆகவே, நடையையும் மனப்பயிற்சியையும் முதலில் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. அவை நோயாளியின் கைக்கே வந்துவிடும் திறன்கள். அக்குபங்சரோ ஒவ்வொரு முறையும் இன்னொருவரை நாட வைப்பது. எனினும், வலி மிகுந்து நடக்கவே தயங்குபவருக்கும், கண்ணை மூடி அமர்ந்தாலே பதற்றம் கூடுபவருக்கும், முதல் சில வாரங்களுக்கு அக்குபங்சர் உண்மையாகவே கைகொடுக்கலாம். ஒருமுறை மட்டுமே பயன்படும் கிருமி நீக்கிய ஊசியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அமர்வுகளுக்கு எல்லையும் வகுத்துக்கொள்வது நல்லது. 2020 முதல் அமெரிக்க அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு 90 நாள்களுக்குள் 12 அமர்வுகளுக்குப் பணம் தருகிறது. முன்னேற்றம் தெரிந்தால் மட்டுமே மேலும் 8 அமர்வுகள். சொந்தப் பணத்தில் செல்பவர் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்: ஐந்தாறு அமர்வுகளுக்குள் தூக்கமோ நடையோ மேம்படவில்லை என்றால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் பயிற்சி வகுப்புக்குத் திருப்பிவிடலாம்.