மரச்செக்குக் கடை: எண்ணெய் நம்பகம், விளம்பரப் பலகை ஆபத்து

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டருகே உள்ள மரச்செக்குக் கடையில்தான் இப்போது எண்ணெய் வாங்குகிறேன். சரக்கில் குறையே இல்லை. கண்ணெதிரே ஆட்டித் தருகிறார்கள். செக்கில் எள் நசுங்கிப் பிசுபிசுத்து வரும் பதம் பார்த்து, கடைக்காரத் தம்பி கருப்பட்டியை உடைத்துப் போடுகிறார். சற்று நேரத்தில் புண்ணாக்கு ஒதுங்கி எண்ணெய் பிரிகிறது. அந்த நல்லெண்ணெயை இட்லிப்பொடியில் குழைத்தால் கூடம்வரை மணக்கிறது. கடலை எண்ணெயையும் கசடு தெளிந்த பிறகே அளந்து ஊற்றுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் டிரம்முக்கு மேலே மாட்டியிருக்கும் பலகைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது, இதயத்துக்கு உகந்தது.’ முதல் பாதி சரி. எந்தத் தாவர எண்ணெயிலுமே கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருக்காது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உருவாக்குவது நம் உடம்புதான். நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையில் கல்லீரல் மந்தமாகிறது. மிஞ்சுவது ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 15 சதவீதம். எந்தச் செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வந்துவிடுகிறது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே 22 கிராம்தான்.

என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எல்.டி.எல். 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. பைபாஸ் ஆன பெரியவர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, “கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறிவிடலாமா தம்பி?” என்றார். “தாராளமாக மாறுங்கள் ஐயா” என்று பதில் வந்தது. “அண்ணாச்சி, டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்” என்று குறுக்கிட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

பலகையை எடுக்கச் சொன்னேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னார். இன்னும் எடுக்கவில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அங்கே தைரியமாக வாங்கலாம். தேங்காய் எண்ணெய், அவியலுக்கும் தலைக்கும் கால் லிட்டர் போதும்.