லூதியானா விலையில் குழந்தைகளுக்குக் குளிராடை என்று சொல்லி 3,840 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: எச்சரிக்கை

இன்று காலையில்தான் அந்த இணையக் கடைக்காரர்கள் என் எண்ணைத் தடை செய்தார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. கணவரோ தம்பியோ படையில் இருக்கிற எத்தனையோ குமரி மாவட்ட வீடுகளில் பிள்ளைகளை வடக்கே கூட்டிச் செல்வதற்காக இப்போது மலிவு விலையில் குளிராடை தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பணமும் இதே வழியில் போக வேண்டாம்.

என் கணவர் ஜம்மு பக்கம் உதம்பூரில் படைப் பணியில் இருக்கிறார். ஹிம்சாகர் ரயிலில் இடம் பதிவு செய்தாயிற்று. கன்னியாகுமரியில் ஏறினால் மூன்று இரவுகள் வண்டியிலேயே கழிய வேண்டும். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்த விடாத என் எட்டு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் தெர்மல் உள்ளாடை, பஞ்சு அடைத்த ஜெர்கின், கையுறை, குல்லா எல்லாம் தேவைப்பட்டன. வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் ஏறி இறங்கிய கடைகளில் கைக்குழந்தைக்கான ஸ்வெட்டரும், பைக் ஓட்டுபவர்கள் போடும் ஜெர்கினும்தான் இருந்தன. நம் ஊர் வெயிலுக்கு அவர்கள் வேறு எதை வாங்கி அடுக்குவார்கள்?

அப்போதுதான் படங்களும் குறுங்காணொளிகளும் பகிரும் செயலி ஒன்றில் இந்தக் கடையின் விளம்பரம் வந்தது. லூதியானா ஆலையிலிருந்து நேரடி விற்பனை, இடைத்தரகர் இல்லை, குழந்தைகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். பின்னலாடைக்கும் கம்பளிக்கும் பஞ்சாபின் லூதியானா பெயர் பெற்ற ஊர் என்பதால் சந்தேகப்பட எதுவும் இல்லை. விலை கேட்டு எழுதினேன். பதில் எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. அதுவும் நம் ஊர்த் தமிழில்.

“அக்கா, பிள்ளையளுக்கு எடை எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னு சொல்லுங்கோ, நான் பாத்து எடுத்து வைக்கேன். நல்ல சாதனமாக்கும், குளிரே தெரியாது” என்றாள் அந்தப் பெண். தன் அம்மா வீடு தக்கலைப் பக்கம் என்றாள். மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும் என்று நான் சொன்னதற்கு, அப்படியானால் மார்புப் பக்கம் இரட்டைத் துணி வைத்தது எடுங்கள் என்று பொறுமையாக விளக்கினாள். பார்சல் வந்த பிறகு பணம் தரலாமா என்று கேட்டபோது மட்டும் குரலில் ஒரு சின்ன வருத்தம் காட்டி, “குளிர்காலச் சரக்குக்கு அது கிடையாதுக்கா, நம்ம ஊருக்காரிய நம்ப மாட்டியளா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது. ஜெர்கின் இரண்டுக்கு 2,300, தெர்மல் இரண்டு செட்டுக்கு 840, கையுறை, குல்லா, காலுறைக்கு 700, ஆக 3,840 ரூபாயை முழுவதுமாக அனுப்பினேன்.

வந்த பொதியைப் பிரித்தபோது மகளே சிரித்துவிட்டாள். ஜெர்கின் என்று அனுப்பியிருந்தது உள்ளே ஒரு நூல் பஞ்சுகூட இல்லாத பனியன் துணி. ஜிப் முதல் இழுப்பிலேயே கையோடு வந்தது. இரண்டும் ஒரே அளவு. தெர்மல் செட் இல்லவே இல்லை. சுத்தக் கம்பளி என்று சொன்ன கையுறையில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வந்து பொடிச் சாம்பலாக உதிர வேண்டும். இது உருகி, கறுத்த உருண்டையாகக் கெட்டிப்பட்டது. உள்ளே இருந்த பில்லில் ஜிஎஸ்டி எண் 24 என்று தொடங்கியது. அது குஜராத்துக்குரிய குறியீடு, பஞ்சாபுக்கு 03.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், ஒளிப்படத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் நிறம் சற்று மாறும் என்றார்கள். நான் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்து, பொதியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி உண்டா என்றார்கள். அதன் பிறகு, பணம் திரும்பாது, வேண்டுமானால் அளவு மாற்றித் தருகிறோம், கூரியர் செலவு உங்களுடையது என்றார்கள். மேலாளர் விடுமுறையில் இருக்கிறார் என்பது அதற்கடுத்த பதில். அக்கா என்று உருகியவளின் குரல் அதற்குள் மறைந்து, ஆங்கிலத்தில் ஒட்டி அனுப்பும் வாசகங்கள் மட்டுமே வந்தன. 3,840 ரூபாயைத் திருப்பித் தராவிட்டால் புகார் செய்வேன் என்று எழுதினேன். இன்று காலை தடை செய்துவிட்டார்கள். கணவரை அவர் கைபேசியில் பார்க்கச் சொன்னால் அதே பக்கம், அதே விளம்பரம், கருத்து எழுதும் வசதி மட்டும் மூடப்பட்டிருக்கிறது.

காணொளி இல்லாவிட்டால் உரிமை இல்லை என்பது அவர்களாக இட்டுக்கட்டிய சட்டம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்கு வேறு துணி தேட வேண்டியிருப்பதால் அவசரமாகச் சில மட்டும். கதவு எண்ணோடு முழு முகவரியும் குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் இல்லாத கடைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். உள்ளே தைத்த லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930க்கு அழையுங்கள், அனுப்பிய பணம் அவர்கள் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாறுவதற்கு முன்.

குரல் பதிவுகளையும் 3,840 ரூபாய் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இதே குரல் உங்களையும் அக்கா என்று அழைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்; ஆணையத்தில் மனு கொடுக்கும்போது சேர்ந்தே கொடுப்போம்.