“1965 ஒரிஜினல் ஆம்ப் கேப்சர்” பேக் வாங்கப் போகிற குமரி மாவட்ட கிட்டார்காரர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆராதனைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. “1965 ஒரிஜினல் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின், ஏசி30, பிளெக்ஸி. நம்ம வீட்டுல வச்சு எடுத்த கேப்சர். பேக் 3,500 ரூவா மக்களே.” டீலக்ஸ் ரிவெர்பும் ட்வினும் ஃபெண்டருடையவை, ஏசி30 வாக்ஸ், பிளெக்ஸி மார்ஷல்; எல்லாம் பழைய வால்வு ஆம்புகள். கேப்சர் என்பது நிஜ ஆம்பின் சத்தத்தைக் கணினி மாடலாகப் பிடித்து வைத்த கோப்பு. விற்கிற ஆளின் பெயரோ எண்ணோ இங்கே வேண்டாம். வாங்கியவர்களிடம் உள்ள நியூரல் ஆம்ப் மாடலர் (இந்தக் கேப்சர்களை எடுக்கவும் ஓட்டவும் உள்ள மென்பொருள்) கோப்புகளைத் திறந்து பார்த்ததில் தெரியவந்ததை மட்டும் எழுதுகிறோம். பெரும்பாலானவை டோன்3000 மாதிரியான தளங்களில் இலவசமாகக் கிடைப்பவை, பெயர் மட்டும் மாற்றி வைத்தவை.

முதல் பிடி, கூடவே அனுப்பிய செட்டிங் தாள். டீலக்ஸ் ரிவெர்புக்கு “வால்யூம் 5, ட்ரெபிள் 6, மிட் 5, பாஸ் 3, மாஸ்டர் 4” என்று போட்டிருக்கிறார். 65 டீலக்ஸ் ரிவெர்பில் மிட் நாபும் கிடையாது, மாஸ்டரும் கிடையாது. ஒரிஜினலிலும் இல்லை, ரீஇஷ்யூவிலும் (பழைய ஆம்பைப் பிற்காலத்தில் மறுபடி தயாரித்தது) இல்லை. மிட் நாப் உள்ளது ட்வினில். 100 வாட் பிளெக்ஸிக்கு “கெயின் 7” என்று எழுதியிருக்கிறார். அதில் லவுட்னஸ் 1, லவுட்னஸ் 2 என்று இரண்டு வால்யூம்தான் உண்டு, கெயின் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆம்பைக் கையால் தொட்டவர் எழுதிய தாள் அல்ல அது.

அடுத்து கோப்பின் உள்ளே. இந்த மாடல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். எண்களாகக் கொட்டிக் கிடக்கிற பகுதியை விட்டுவிட்டு மெட்டாடேட்டா பகுதிக்குப் போங்கள். யார் மாடல் செய்தது, எந்தக் கருவி, எந்தத் தேதி என்று அங்கே இருக்கும். இவர் விற்றதில் சிலவற்றில் வெளிநாட்டுக்காரர் பெயர் அப்படியே கிடக்கிறது. “1965 ஒரிஜினல்” ஒன்றில் கருவியின் பெயரிலேயே ரீஇஷ்யூ என்று இருக்கிறது, அதைக்கூட அழிக்க மெனக்கெடவில்லை. வேறு சிலவற்றில் அந்த இடம் காலி. காலியாக இருப்பதாலேயே திருட்டு என்று சொல்லிவிட முடியாது, நிரப்பாமல் விடுபவர்கள் நிறையப் பேர். அதற்கு வேறு சோதனை உண்டு.

ரீப்பரிலோ வேறு ஒலிப்பதிவு மென்பொருளிலோ ஒரே டிஐ கிட்டாரை (ஆம்ப் இல்லாமல் நேரே பதிந்தது) இரண்டு ட்ராக்கில் போடுங்கள். ஒன்றில் அவர் விற்ற கோப்பு, இன்னொன்றில் நீங்கள் சந்தேகப்படுகிற இலவசக் கோப்பு. பிளக்இன்னில் நாய்ஸ் கேட், டோன் நாப், ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஓசையைச் சேர்க்கும் கோப்பு) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்புட், அவுட்புட் அளவுகளை இரண்டிலும் ஒன்றாக வையுங்கள். இப்போது ஒரு ட்ராக்கின் ஃபேஸைத் திருப்பினால், இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் சத்தமே வராது. கோப்பின் பெயரையும் உள்ளே உள்ள ஆள், கருவி, தேதி விவரங்களையும் எவ்வளவு மாற்றினாலும் இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது. ஒரே ஆம்பை, ஒரே செட்டிங்கில் இரண்டு முறை மாடலை ட்ரெய்ன் செய்து உருவாக்கினால்கூடக் கொஞ்சம் மிச்சச் சத்தம் கேட்கும். முழு அமைதி வருவது நகலில் மட்டும்தான். பேக்கில் “ஒரிஜினல்”, “ரீஇஷ்யூ” என்று தனித்தனியாக விற்ற இரண்டு ட்வின் கோப்புகள் இந்தச் சோதனையில் முழுசாக அமைதியாகிவிட்டன.

டெமோ வீடியோவில் ஹம் (கரண்டிலிருந்து வரும் இரைச்சல்) கேட்டால் அதுவும் சாட்சி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. வால்வு ஆம்பின் ஹம் 50-இலும் ரெக்டிஃபையர் வழியாக 100-இலும் விழ வேண்டும். பாட்டுக்கு முந்தைய இடைவெளியை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் போடுங்கள், சைஸ் 16384 வையுங்கள். 2048-இல் விட்டால் 50-ம் 60-ம் ஒட்டிக்கொண்டு தெரியும். “நம்ம வீட்டுல எடுத்த” டெமோவில் முனை நிற்பது 60-இலும் 120-இலும். எந்த ஊர் வீடோ!

ரீஇஷ்யூ என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அச்சிட்ட சர்க்யூட் போர்டில் செய்ததாக இருந்தாலும், நன்றாக எடுத்த ரீஇஷ்யூ கேப்சர், மோசமாக எடுத்த ஒரிஜினலைவிட எவ்வளவோ மேல். ஒரிஜினல் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் பிரச்சினை. அப்படிச் சொல்பவரிடம் டிரான்ஸ்ஃபார்மர் படம் கேளுங்கள். அறுபதுகளின் ஃபெண்டரில் பெரும்பாலும் 606 என்று தொடங்கும் எண் இருக்கும், அடுத்த இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 606524 என்றால் 1965, 24-ஆவது வாரம். டிரான்ஸ்ஃபார்மர் பிறகு மாற்றப்பட்டும் இருக்கலாம், அதனால் சேசிஸ் (ஆம்பின் உலோகச் சட்டம்) உட்புறப் படமும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நேரான கேள்வி ஒன்று: “ரா வேவ் கோப்பு தருவீங்களா அண்ணே?” கேப்சர் எடுக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு சோதனைச் சிக்னல் ஆம்புக்குள் போகும், ஆம்பிலிருந்து திரும்பி வருவதை மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவார்கள். அந்தத் திரும்பி வந்த கோப்பு உங்களிடம் இருந்தால் நீங்களே மறுபடி ட்ரெய்ன் செய்யலாம். உண்மையில் எடுத்தவரிடம் அது இல்லாமல் போகாது. வாங்கும்போது ஆடியோவாக வேண்டாம், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஆடியோ சுருக்கப்பட்டால் ட்ரெய்னிங்குக்கு உதவாது.

இதே ஆள் “உங்க ஆம்பைக் கொண்டு வாங்க, கேப்சர் எடுத்துத் தாறேன்” என்றும் வேலை எடுக்கிறார். சேதம் பெரிதாக நடந்தது அங்கேதான். ஒரு குழுவின் டீலக்ஸ் ரிவெர்ப் ரீஇஷ்யூ, 22 வாட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு லோடு பாக்ஸை (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) எக்ஸ்டெர்னல் ஸ்பீக்கர் ஜாக்கில் செருகியிருக்கிறார். இந்த ஃபெண்டர்களில் மெயின் ஸ்பீக்கர் ஜாக் காலியாக இருந்தால் அது அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகாமலிருக்க வைத்த ஏற்பாடு அது. சிக்னல் வரவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனதில் 6வி6 பவர் வால்வு ஜோடி போய்விட்டது. லோடு பாக்ஸ் மெயின் ஜாக்கில்தான் போக வேண்டும், டீலக்ஸுக்கு 8 ஓம், ட்வினுக்கு 4 ஓம்.

அதற்கு முன் எடுத்துக் கொடுத்த கேப்சரும் தேறவில்லை. ட்ரெமலோவும் ரிவெர்பும் ஓடிக்கொண்டிருக்க எடுத்திருக்கிறார். நேரத்தோடு மாறுவதையும் நீண்டு ஒலிக்கும் எதிரொலியையும் இந்த மாடல் பிடிக்காது, இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ரீஆம்ப் பாக்ஸ் (லைன் லெவலைக் கிட்டார் லெவலுக்கு இறக்கும் பெட்டி) இல்லாமல் இன்டர்ஃபேஸ் லைன் அவுட்டை நேரே ஆம்பில் கொடுத்ததால் லெவல் எகிறி, கிளீன் டோன் என்றது கரகரக்கிறது. புதிய ட்ரெய்னரில் செய்த கோப்பில் இஎஸ்ஆர் என்ற பிழை எண்ணும் உள்ளே இருக்கும். 0.01-க்குக் கீழே நன்று, 0.035 வரை பரவாயில்லை. இவர் கொடுத்ததில் 0.2-க்கு மேல். அவருடைய விளக்கம், “வால்வு ஆம்புன்னா அப்படித்தான் இருக்கும்.”

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்து ஆம்பாக இருந்தால் கேப்சருக்கு முன் வால்வுப் பின்களிலும் ஜாக்குகளிலும் உப்புக்காற்றுத் துரு இருக்கிறதா பாருங்கள். அரைமணி நேரம் சூடாகட்டும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தைத் தவிர்த்து எடுங்கள். யாரிடம் கொடுத்தாலும் கூடவே இருங்கள்.

ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் யுபிஐ ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வந்த கோப்புகள், செட்டிங் தாள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஆம்ப் கெட்டவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், வால்வு மாற்றிய பில் கையில் இருக்கட்டும். கேட்ட சிலருக்குப் பாதிப் பணம் திரும்பியிருக்கிறது. சத்தம் போட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, இப்போது “1962 ஏசி30” என்று புதுப் பேக் போட்டிருக்கிறார். மிட் நாபே இல்லாத அந்த ஆம்பின் தாளிலும் மிட் 6.