மூன்று பல் அடைப்புகளும் 19 ஆண்டுகளும்

2006ஆம் ஆண்டில் எனது வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்த வெள்ளி அடைப்பு இன்றும் உறுதியாக இருக்கிறது. இடது மேல் வரிசையில் இரண்டு பற்களுக்கு நடுவே விழுந்த சொத்தைக்கு 2013இல் வைத்த பல் நிற ஃபில்லிங்கோ ஆறே ஆண்டுகளில் பயனற்றுப் போனது. சாப்பிட்ட உணவும் பல் துலக்கிய பழக்கமும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தும் முடிவு ஏன் இவ்வளவு மாறியது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கம்போசிட் எனப்படும் பல் நிறப் பொருள் பசை போன்றது. அதை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கின் மீதும் நீல ஒளியைப் பாய்ச்சி இறுக வைப்பார்கள். இறுகும்போது அது சிறிதளவு சுருங்கும். எச்சில் பட்டுவிட்டால் பல்லோடு சரியாக ஒட்டாது. ஆகவே அடைப்பும் பல்லும் சேரும் விளிம்புதான் அதன் பலவீனமான இடம். அடைத்த பொருளைச் சொத்தை அரிப்பதில்லை. விளிம்பை ஒட்டிய பல்லைத்தான் அரிக்கிறது. இதை 2013இலேயே யாராவது எனக்கு விளக்கியிருந்தால், பல்லை அடைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்திருக்க மாட்டேன்.

எனது வெள்ளி அடைப்பு பல்லின் மேற்பரப்பில் இருப்பதால் பிரஷ் நேராக அதன் மேல் படுகிறது. மேல் வரிசை அடைப்பின் விளிம்போ இரண்டு பற்களும் உரசிக்கொள்ளும் இடுக்கில் இருந்தது; அங்கே எந்தப் பிரஷ்ஷின் நாரும் நுழையாது. 2018 வாக்கில் கீரை நாரும் மாம்பழ நாரும் நாள்தோறும் அதே இடுக்கில் மாட்டத் தொடங்கின. நான் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டு ஓராண்டைக் கடத்தினேன். குளிர்ந்த நீர் பட்டால் கூசத் தொடங்கிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் அடைப்புக்கு அடியில் கருநிழல் தெரிந்தது. வேர் சிகிச்சை வரை போகாமல் தப்பியது நற்பேறு. ஆனாலும் முன்னைவிடப் பெரிதாகக் குடைந்து மறுபடி அடைக்க வேண்டியதாயிற்று. உணவு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினாலோ, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் ஒரே இடத்தில் பிசிறு பிசிறாக அறுந்தாலோ, வலி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

2019இல் வைத்த அந்த மூன்றாவது அடைப்பு முதல் நாளிலேயே சற்று உயரமாகத் தோன்றியது. மரத்துப்போன வாயோடு கடித்துப் பார்த்ததால் நாற்காலியில் இருந்தபோது அது தெரியவில்லை. மென்று மென்று தேய்ந்துவிடும் என்று நான்கு நாள் பொறுத்ததில், கடிக்கும்போதெல்லாம் பல் வலித்தது. திரும்பப் போனபோது மருத்துவர் நீலத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னார். அடைப்பின் மேல் கடுகளவில் நீலப் புள்ளி ஒன்று விழுந்தது. அந்த இடத்தை மட்டும் அவர் தேய்த்துவிட, இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. மரப்பு நீங்கிய பிறகும் உயரமாகத் தோன்றினால் மறுநாளே போய்விடுவது நல்லது.

அன்றிலிருந்து இரவில் ஃப்ளாஸ் செய்யாமல் நான் படுப்பதில்லை. நூலை ஈறு வரை இறக்கி, இரு பற்களின் பக்கங்களையும் தனித்தனியே அணைத்துத் தேய்க்கிறேன். வெடுக்கென்று மேலே இழுக்காமல், பக்கவாட்டில் உருவி எடுக்கிறேன். பற்பசையின் பெட்டியில் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்குகிறேன். மூலிகைப் பசைகள் பலவற்றில் அது இருப்பதில்லை. துலக்கியபின் நுரையைத் துப்புவதோடு சரி, வாய் நிறைய நீர் விட்டுக் கொப்பளிப்பதில்லை.

சர்க்கரை போட்ட தேநீரை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்ததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை இனிப்புப் படும்போதும் வாயில் அமிலம் கூடி, அது தணிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், எவ்வளவு சர்க்கரை என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். கொட்டைப் பாக்கையும் ஐஸ் கட்டியையும் கடிப்பதை அறவே விட்டேன். கடினமான சீடையை இன்னும் விடவில்லை. மறு பக்கத்தில் மெல்லுகிறேன்.

வெள்ளி அடைப்பை மாற்றிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்பதும், ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது என்பதும் உண்மையே. ஆயினும் நல்ல நிலையில் உள்ளதைக் குடைந்தெடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். எனவே என்னுடையதை நான் தொடவில்லை.

மூன்றாவது அடைப்புக்கும் ஆறு வயது நிறைந்துவிட்டது. அதன் ஓரத்தில் பழுப்புக் கோடு ஒன்றைக் கண்டு பதறிப்போய்க் காட்டினேன். எக்ஸ்ரேயில் விளிம்பு சுத்தமாக இருந்தது; கோடு வெறும் தேநீர்க் கறை என்று சொல்லி மருத்துவர் மெருகேற்றி அனுப்பினார்.