கிராமத்தில் கட்டிய புது வீடு: மழையும் வெயிலும் பார்த்த பிறகு எழுதுகிறேன்

புது வீட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சாவி கைக்கு வந்த வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அப்போது எல்லாம் பளபளவென்று இருக்கும், குறை சொல்ல மனசும் வராது. நான் ஒரு மழைக்காலம், ஒரு முழு வெயில், அப்புறம் இன்னொரு மழை எல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வீடு எப்படி என்று கேட்டால், உள்ளே நன்றாக இருக்கிறது, வெளியேதான் வேலை நிறைய. எந்த வேலையை முதலில் செய்வது என்பதைத் தண்ணீர்தான் தீர்மானித்தது.

குடிவரும் முன் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். முன்பக்கம் தாழ்வாரம், பக்கத்தில் தோட்டம், பின்னால் கருவிகள் போட ஒரு கொட்டகை, மேலே சோலார், கடைசியாக, காசு மிஞ்சினால் மழைநீர்த் தொட்டி. இப்போது அது கிட்டத்தட்டத் தலைகீழாகிவிட்டது.

முதல் பெருமழையிலேயே காரணம் தெரிந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணைத் திரும்ப அதே பள்ளத்தில் தள்ளி மூடுகிறார்கள் அல்லவா, அது தோண்டாத தரை அளவுக்கு இறுகிக் கிடக்காது, தண்ணீர் இறங்கியதும் அமுங்கும். அமுங்கினால் சுவரை ஒட்டி நீளமாகப் பள்ளம் விழும், சரிவு வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடும், கூரைத் தண்ணீர் முழுக்க அஸ்திவாரத்தின் காலடியில் போய் நிற்கும். எங்களுக்கு வடக்குப் பக்கம் அப்படித்தான் ஆனது. சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை 15 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்த்தால் நாமே அளந்துவிடலாம். களிமண் கலந்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கினோம். இந்த இடத்தில் மணலைக் கொட்டி மேடாக்க வேண்டாம், மேலே பார்க்கச் சரிவாகத் தெரியுமே தவிர தண்ணீர் மணல் வழியே நேராகக் கீழே இறங்கிவிடும்.

அதற்கு மேல் உடனே சிமெண்ட் தளம் போட்டுவிடுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. இன்னொரு மழை போகட்டும் என்று நிறுத்தி வைத்தோம். இரண்டாவது மழையில் மண் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. தளம் போட்டிருந்தால் அடியில் பொந்து விழுந்து அது அப்படியே உடைந்திருக்கும். இப்போது அசைவு நின்றமாதிரி தெரிகிறது, அடுத்த வறண்ட பருவத்தில் போடலாம்.

உள்ளே வருகிறேன். புதுச் சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்பது குடியேறிய பிறகுதான் புரியும். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில் பார்ப்பார்கள், ஆனால் அது உலர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தளத்தின் ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் சுமார் ஒரு மாதம் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு, அப்படிப் பார்த்தால் 125 மில்லிமீட்டர் தளத்துக்கே ஐந்து மாதம், அதுவும் காற்றோட்டம் இருந்தால். சுவரை ஒட்டி வைத்த பீரோவின் பின்பக்கம் பூஞ்சை பிடித்தது இதனால்தான். ஒரு சாண் தள்ளி வைத்து, வெயில் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்ததில் அடங்கியது. சுவரில் வெள்ளையாக உப்பும் பூத்தது. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்ட வேண்டும், ஈரத்துணி போட்டால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பெயின்ட் அடிக்கலாமா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டு எடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, சுவர் கறுத்துத் தெரிந்தாலோ இன்னும் நேரம் வரவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவர் வெயில் காலம் வரை தேறவே இல்லை, பெயின்டர் முகம் சுளித்தாலும் அதுவரை வெறும் வெள்ளையடித்துத்தான் வைத்திருந்தோம்.

விரிசலைப் பார்த்துப் பதறாதவர் யார்! பூச்சில் வலை பின்னியதுபோல் ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் உலரும்போது சுருங்குவதால் வருபவை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழுவது, இரண்டும் வெப்பத்துக்கு வேறுவேறு அளவில் விரிவதால். பூசுவதற்கு முன் அந்த இணைப்பில் கோழிவலை அடித்தால் இது குறையும். எங்களுக்கு அடித்த இடத்தில் விரிசல் இல்லை, ஆள் அவசரத்தில் விட்ட இரண்டு இடத்தில் மட்டும் இருக்கிறது, பூச்சு வேலைக்கு வந்தவரிடம் கேட்டால் சிமெண்டைக் கைகாட்டுகிறார். ஜன்னல் மூலையிலிருந்து கோணலாகவோ, செங்கல் வரிசையில் படிப்படியாகவோ இறங்கி, நாளாக நாளாக அகலமாகும் விரிசல்தான் பொறியாளரைக் கூப்பிட வேண்டியது. ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் கோட்டைத் தாண்டாமல் நிற்கின்றன.

மரக்கதவு மழையில் உப்பி இறுகும், உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். வெயிலில் அது சுருங்கும்போது பல்லி போகும் அளவு இடைவெளி நிற்கும். ஒரு வறட்சி முடியும் வரை பொறுத்துவிட்டு, அப்போதும் உரசினால் இழைக்கலாம்.

குடிநீர் விஷயத்தில் பலரும் ஒரு டிடிஎஸ் மீட்டரை வாங்கிவைத்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அது கரைந்த உப்பின் அளவை மட்டுமே காட்டும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆழ்துளைக் கிணறு என்றால் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா), நைட்ரேட், ஃப்ளோரைடு மூன்றையும் ஆய்வகத்தில் பார்த்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஃப்ளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 50. ஒரு தடவை மழைக்குப் பிறகு, ஒரு தடவை வறட்சியின் கடைசியில் என்று எடுப்பது நல்லது, எங்களுக்கு இரண்டு முடிவும் ஒன்றாக இல்லை. கழிவுநீர் ஊறும் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே பல ஊர் விதிகள் 15 முதல் 30 மீட்டர் வரை கேட்கின்றன. மனை சின்னதாக இருந்தால் வீட்டின் வரைபடத்துக்கு முன்பே இந்த இரண்டு புள்ளிகளையும் குறித்துவிட வேண்டும், அப்புறம் நகர்த்தவே முடியாது. செப்டிக் டேங்கில் சேரும் கழிவைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் லாரி நிற்க வழி விட்டிருக்கிறோம். அந்த இடத்தில்தான் பூச்செடி வைக்கலாம் என்று வீட்டில் ஒருவருக்கு ஆசை.

குளியலறையில் தண்ணீர் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று விருந்தாளிகள் கேட்கிறார்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும், எங்கள் டேங்க் ஷவருக்கு மேல் 3 மீட்டர்கூட இல்லை. கணக்கு அவ்வளவுதான், குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. டேங்க் ஸ்டாண்டை உயர்த்துவது பட்டியலில் இருக்கிறது.

மின்சாரம் பெரிய தொல்லையில்லை, ஆனால் லைனின் கடைசி வீடு என்பதால் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் சாதாரணமாக இழுப்பதைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த நேரம் விளக்கு மங்குவது அதனால்தான். மோட்டாருக்குத் தனி ஒயர், எர்த்திங் ஒழுங்காக இருக்கிறதா என்ற சோதனை, மின்பலகையில் இடி மின்னல் அலையைத் தாங்கும் சாதனம், இந்த மூன்றில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்டர்நெட்டுக்குக் கூரையில் ஆன்டெனா வைத்தோம், போதுமானதாக இருக்கிறது. வாசலில் வெள்ளை விளக்கை மாற்றி மஞ்சள் போட்டதும் பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தன.

கட்டும்போது செய்ததிலேயே உபயோகமானது எது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தது. எந்த இடத்தில் குழாய், எங்கே ஒயர் என்று இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறோம். ஒரு ஆணி அடிக்கக்கூட அந்தப் படத்தைத் திறக்காமல் துளையிடுவதில்லை.

இனி செய்யப்போவது. முதலில் வடக்குப் பக்கத் தண்ணீரை மனையின் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுபோகும் வடிகால், அது முடிந்த பிறகே மழைநீர்த் தொட்டி, ஏனென்றால் தொட்டி நிரம்பி வழியும்போது அந்தத் தண்ணீர் போக ஒரு வழி வேண்டுமே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 120 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர், ஐந்தில் ஒரு பங்கு சிதறலுக்கும் முதல் அழுக்குத் தண்ணீருக்கும் போனாலும் 2,400 மிஞ்சும். அதனால் நிரப்புவது சுலபம், எத்தனை வறண்ட நாளுக்குத் தாங்க வேண்டும் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும். குடிக்காத உபயோகத்துக்கு மட்டும் நாளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால் 40 நாளுக்கு 6,000 லிட்டர். தண்ணீர் மட்டுமே ஆறு டன் எடை, அதை அமுங்கும் மண்ணில் உட்கார வைக்க முடியாது, வீட்டைவிட்டுத் தள்ளி, தோண்டாத தரை இருக்கும் இடமாகப் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் டேங்க் ஸ்டாண்ட், அதன் பிறகுதான் சோலார். ஸ்டாண்டின் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாமல் பலகைகளை வைப்பது வீண், தொடராக இணைத்த வரிசையில் ஒரு பலகையின் மேல் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் சுமாராக எதிர்பார்க்கலாம், மோட்டாரைப் பகலில் ஓட்டப் பழகினால் பேட்டரி பெரிதாக வேண்டியதில்லை. மரங்களையும் இதே நிழல் கணக்கில்தான் வைக்க வேண்டும். எங்கள் களிமண்ணில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சினால் தரை சுருங்கும், ஆகவே பெரிய மரம் ஒவ்வொன்றும் அது வளரப்போகும் உயரத்தின் அளவுக்குச் சுவரிலிருந்து தள்ளி. வீட்டருகே செடி, கொடி மட்டும்.

கொட்டகைக்கு இன்னும் இடம் முடிவாகவில்லை. வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போதே பக்கத்தில் இன்னொரு பள்ளம் எடுத்து, பின்பக்கம் வரைக்கும் இரண்டு காலிக் குழாய்களைப் புதைத்துவிடப் போகிறோம், ஒன்று ஒயருக்கு, ஒன்று தண்ணீருக்கு. அந்தக் குழாய் போய் முடியும் இடத்துக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதான் இப்போதைக்கு வீட்டில் நடக்கும் சண்டை. தாழ்வாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் தூண்கள் நிற்க வேண்டிய மண் எது என்று இப்போது தெரியும், அது இன்னொரு மழையையும் பார்க்கட்டும்.