க்ரேஃபிஷ்ஷுக்குப் பெயர் தேடினேன்: ஐநேச்சுரலிஸ்ட் அனுபவம்

ஹூஸ்டனில் இருக்கும் என் பேரன் ஒரு மழைக்கு அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். வீட்டுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய், அதன் ஓரப் புல்லில் ஒரு க்ரேஃபிஷ் (பெரிய இறால் மாதிரி இருக்கும், கொடுக்குள்ள நன்னீர் உயிரி), இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "தாத்தா, இது எந்த வகை?"

கொளத்தூர் தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. பன்னிரண்டு வருடமாக வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறேன், கலர் மீன் கடைகள் கூப்பிடு தூரம். ஆனால் நம் கடைகளில் இதை 'லாப்ஸ்டர்' என்றுதான் விற்கிறார்கள். நீலமா, சிவப்பா, வெள்ளையா, அவ்வளவுதான் வகை. காசிமேட்டுக்கு வரும் சிங்கி இறால் கடலில் வாழ்வது, இது நன்னீரில் வாழ்வது. இந்தியாவின் ஆறு குளங்களில் இயற்கையாக ஒரு க்ரேஃபிஷ் இனம்கூடக் கிடையாது. அமெரிக்காவிலோ சுமார் 400 இனங்கள். அதில் இது எது என்று நான் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் ஐநேச்சுரலிஸ்ட்டில் கணக்கு தொடங்கினேன். படம் போட்டு உயிரினங்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க உதவும் இணையச் சேவை அது. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் செய்த ஒரு திட்டத்திலிருந்து வளர்ந்தது இது. காசு கட்ட வேண்டியதில்லை, விளம்பரமும் இல்லை. படம், தேதி, இடம் மூன்றையும் கொடுத்தால் கணினி சில பெயர்களை முன்வைக்கும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, விஷயம் தெரிந்த மனிதர்கள் வந்து பார்த்து ஒத்துக்கொள்வார்கள் அல்லது மாற்றுவார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரைச் சொன்னால்தான் அந்தப் பதிவு 'ஆராய்ச்சித் தரம்' என்ற முத்திரை பெறும்.

பேரனின் படத்துக்கு முதலில் வந்த பெயர் ப்ரோகாம்பாரஸ் க்ளார்கி, அதாவது சிவப்புச் சதுப்பு க்ரேஃபிஷ். நான் யோசிக்காமல் அதையே தொட்டுவிட்டேன். அவசரம் என்னுடையது. அந்தப் பக்கத்தில் எங்கும் பரவிக் கிடப்பது க்ளார்கிதான், கணினி அதை முன்னால் காட்டுவது நியாயமே. படத்தில் இருந்தது சிவப்பே இல்லையே என்றால், அதுவும் சாட்சி ஆகாது. க்ளார்கியும் குஞ்சாக இருக்கும்போது சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும்.

மறுநாள் அந்தப் பதிவின் கீழ் ஒருவர் கேட்டிருந்தார்: முதுகை நேர் மேலிருந்து எடுத்த படம் இருக்கிறதா? வாலின் அடிப்பக்கம்?

நல்லவேளை, பேரன் அதை வாளியில் வைத்திருந்தான். கொடுக்குக்கு எட்டாத இடத்தில், முதுகு ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் தூக்கச் சொன்னேன். ஐந்து படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதுகு ஓட்டின் பின்பாதியில் இரண்டு வளைகோடுகள், இரண்டு அடைப்புக்குறிகளை முதுகோடு முதுகு ஒட்ட வைத்த மாதிரி. க்ளார்கியில் அந்தக் கோடுகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டுவிடும். இதில் தொடவில்லை. நூல் அளவுக்கு ஒரு சந்து. ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து, ஃபீலர் கேஜ் நுழைத்து நுழைத்துச் சந்து பார்த்தவன் நான். இதை விட்டிருக்கவே கூடாது. வாலடியையும் பார்த்தேன். க்ளார்கிக்கு அங்கே நரம்பு ஓடுவது போல நீலம் கலந்த ஒரு கோடு இருக்கும். இதில் அது இல்லை.

ஆக, இது 'வெள்ளை ஆற்று க்ரேஃபிஷ்' என்று அங்கே சொல்லும் கூட்டம். அதிலும் அக்யூட்டஸ், ஜோனாங்குலஸ் என்று நெருக்கமான இரண்டு பெயர்கள். ஜோனாங்குலஸைத் தனி இனமாகப் பிரித்ததே 1990-இல்தான். இரண்டையும் பிரித்துச் சொல்ல, இனப்பெருக்கப் பருவத்து ஆண் வேண்டும். அதன் வயிற்றடியில் முதல் ஜோடி நீச்சல்கால்களின் நுனி எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேரன் பிடித்ததோ பெண். கடைசிக் கால்களுக்கு நடுவே விதை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருந்தால் பெண். அந்த மனிதர் இதை எழுதி, ப்ரோகாம்பாரஸ் என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். படத்தில் தெரிவது இவ்வளவுதான், இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்றார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே பதிவில் பல படங்கள் சேர்க்கலாம், சேருங்கள். முதுகு, தலைமுனை, ஒவ்வொரு கொடுக்கு, மல்லாத்திய வயிறு. ஈரம் பளபளத்தால் கோடு தெரியாது, நிழலில் வைத்து எடுங்கள். படம் எடுத்த இடம் வீட்டு வாசல் என்றால், இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கவும் வசதி உண்டு. பேரன் பதிவுக்கு அதைத்தான் செய்தேன்.

எதிர்வீட்டுப் பையன் தொட்டியில் வளர்க்கும் 'லாப்ஸ்டரை'யும் போட்டுப் பார்த்தேன். தொட்டியில் வளர்ப்பது என்று குறிக்க வேண்டும், அப்படிக் குறித்தால் அது ஆராய்ச்சித் தரத்துக்குப் போகாது. காட்டு உயிர்களுக்கான இடம் அது, சரிதான். ஆனால் அந்தப் பையன் அன்று சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது: "பெருசானா ரெட்டேரியில விட்டுடலாம் அங்கிள்." உட்கார வைத்துச் சொன்னேன். 1990-களில் ஜெர்மனியில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் தலைகாட்டியது பளிங்கு க்ரேஃபிஷ். அத்தனையும் பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும். ஒன்று தப்பினால் போதும், ஏரி முழுக்க அதுதான். க்ளார்கி கரையைக் குடைந்து வளை போடும். இந்த இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2016-இலேயே ஆபத்தான அயல் உயிரிகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் ஏரியில் எந்தப் பெயர் கொண்ட க்ரேஃபிஷ்ஷையும் விடக் கூடாது, பெயர் தெரியாததை விடவே கூடாது. பையன் புரிந்துகொண்டான். தொட்டிக்கு இப்போது இறுக்கமான மூடி போட்டிருக்கிறான்.

போன வாரம் பேரன் ஒரு ஆணைப் பிடித்து, மல்லாத்திப் படம் எடுத்து அனுப்பினான். வால் தெளிவாகத் தெரிகிறது, பார்க்க வேண்டிய நீச்சல்கால் மட்டும் மங்கல். நகத்தளவு இடம்தான், போனை இன்னும் கிட்டே கொண்டுபோய் அதன் மேல் ஃபோகஸ் வைத்து மறுபடி எடு என்று சொல்லியிருக்கிறேன்.