சுங்கை சிப்புட் துணிக்கடையில் ஆலிஸ் நீலம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரக் கடைத்தெருவின் பழைய துணிக்கடை ஒன்றில், என் மகளின் பஞ்சாபி உடைக்காக 'ஆலிஸ் நீலம்' எனப்படும் வெளிர்நீலப் பருத்தித் துணியை மீட்டர் 16 ரிங்கிட் வீதம் 3 மீட்டர் வாங்கினேன்.

அந்தப் பெயருக்காகவே அதை எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகளான ஆலிஸ் விரும்பி உடுத்திய நிறம் அது. 1884இல் பிறந்து இரண்டே நாளில் தாயை இழந்த அந்தப் பெண், தம் கூரையின் கீழ் புகைபிடிக்கக் கூடாது என்று தந்தை தடுத்தபோது வெள்ளை மாளிகையின் கூரைமேலேயே ஏறிப் புகைத்தார். எமிலி ஸ்பினாச் என்று பெயரிட்டு ஒரு பாம்பையும் வளர்த்தார். நாட்டை ஆளலாம் அல்லது ஆலிஸைக் கவனிக்கலாம், இரண்டும் தம்மால் இயலாது என்று அதிபரே சொன்னார். அடக்கம் ஒன்றையே பெண்ணுக்கு அணியாகச் சொல்லிக் கேட்டுத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த எனக்கு, ஆலிஸிடம் தனி அன்பு உண்டு.

கடைக்கார அக்கா துணியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று விரித்துக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் குழல் விளக்கின் கீழ் இந்த நிறம் வெள்ளையாகவே தெரிகிறது. நான்கு முறை துவைத்தும் சாயம் போகவில்லை. நெசவு மெல்லியது என்பதால் உள்துணி வைத்தே தைக்க வேண்டும். அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம். உள்துணிக்கு மறுபடியும் ஒரு நடை போக நேர்ந்தது.